கரட்டுப்பள்ளம் காட்டுக்காரங்க (விவசாயிங்க) வாட்ஸ்அப் குழு: தடுப்பணை முதல்லயா, கடைசியிலயா?

ராசு அண்ணன் (காலை 6:14): நாளைக்கு கிராம சபையில நீர்வடிப்பகுதித் திட்டத்துக்கு (மழைத்தண்ணி ஒரே ஓடைக்கு வடியற மொத்த நிலத்துக்கான திட்டம்) வேலைப் பட்டியல் கேக்கறாங்க. பாலத்துக்கு மேல பெரிய தடுப்பணை ஒண்ணுன்னு தீர்மானம் போட்டுடலாமுங்களா?

குமரேசன்: போட்டுடலாம்ணா. பாலத்துக்கு வர்ற வெள்ளமும் நின்னுரும், கெணத்துலயும் தண்ணி ஏறும் 👍

சுமதி அக்கா: அவசரப்படாத தம்பி. கரட்டு (குன்று) மேல ஒரு வேலையும் செய்யாம கீழ கட்டுனா நாலு மழையில வண்டல் ரொம்பிரும். மொதல்ல கரட்டுச் சரிவு, அப்பறம் காட்டு வரப்பு (விவசாய நிலத்து வரப்பு), கடைசியாத்தான் பள்ளம் (ஓடை).

பழனி மாமா: கணக்குப் போட்டுப் பாருங்க. நம்ம பள்ளத்துக்கு வடியற பரப்பு 40 ஹெக்டேர்னு வெச்சுக்குவோம். 50 மி.மீ. மழையில 30 சதவீதம் ஓடி வந்தா 6,000 கன மீட்டர், அதாவது 60 லட்சம் லிட்டர். பள்ளம் 10 மீட்டர் அகலம், அணை 1.5 மீட்டர் ஒசரம், 100க்கு 2 சரிவுன்னா பின்னால 75 மீட்டர் தூரந்தான் தண்ணி நிக்கும். கொள்ளளவு 560 கன மீட்டர் சொச்சம். பத்துல ஒரு பங்கு கூட இல்ல.

பழனி மாமா: மீதி அத்தனையும் பாலத்துக்குத்தான் போகும்.

குமரேசன்: அப்ப வெள்ளத்துக்கு என்னதான் வழிங்க மாமா?

சுமதி அக்கா: ஓட்டத்தை மேலயே மெதுவாக்கணும். கரட்டு ஓடைகள்ல கல் தடுப்பு. சிமெண்ட் வேண்டாம், ஒசரம் 1 மீட்டருக்கு மேல போகக் கூடாது. கீழ் தடுப்போட தலையும் மேல் தடுப்போட அடியும் ஒரே மட்டத்துல இருக்கணும். 100க்கு 4 சரிவுன்னா 25 மீட்டருக்கு ஒண்ணு. உருண்டைக் கல்லு போடாதீங்க, மொத வெள்ளத்துலயே உருண்டு போயிரும். வெளிமுகத்துல பெரிய முரட்டுக் கல்லு, சின்னதெல்லாம் உள்ள.

பழனி மாமா: நடுவுல தாழ்வா விடணும், அதை மறந்துடாதீங்க. ரெண்டு ஓரமும் ஒசரமா இருந்தாத்தான் தண்ணி நடுவுல வழியும். இல்லேன்னா கரையை அரிச்சு சுத்திக்கிட்டுப் போயிரும். ரெண்டு கரைக்குள்ளயும் அரை மீட்டர் தோண்டி கல்லைச் சொருகணும். கல் தடுப்பு உடையறது பெரும்பாலும் இந்த எடத்துலதான்.

ராசு அண்ணன்: எங்க காடு கரிசலுங்க. சமமட்ட வரப்பு (ஒரே மட்டத்துல சரிவுக்குக் குறுக்க போடற வரப்பு) போடலாமுங்களா?

சுமதி அக்கா: கரிசல்ல வேண்டாங்கண்ணா. கோடையில வரப்பு வெடிக்கும், தண்ணி தேங்குனா அந்த வெடிப்பு வழியா உடைச்சுக்கும். 100 மீட்டருக்கு 20, 30 செ.மீ. இறக்கம் வெச்சு சாய்வு வரப்பா போட்டு, முனையில புல்லு வளந்த வடிகால்ல விடுங்க. சமமட்ட வரப்பு செம்மண் காட்டுக்கு. அதுலயும் கல்லு பதிச்ச வழிஞ்சோடி இருக்கோணும்.

குமரேசன்: பண்ணைக்குட்டை?

பழனி மாமா: மேல 30க்கு 30 மீட்டர், ஆழம் 2 மீட்டர், ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஒண்ணரை மீட்டர் உள்ள சரியணும். அடி 24க்கு 24 வரும். 14 லட்சம் லிட்டருக்கு மேல புடிக்கும். ஜேசிபிக்காரர் கரையைச் செங்குத்தா வெட்டிட்டுப் போயிடுவார், விடாதீங்க. சரிஞ்சு குட்டையையே மூடிரும். தண்ணி உள்ள வர்ற வாயில ஒரு வண்டல் குழி வேணும்.

செல்வம்: போர்வெல்லுக்குள்ள நேரா மழைத்தண்ணிய விட்டா சீக்கிரம் ஊறாதுங்களா?

சுமதி அக்கா: தண்ணி எடுத்துட்டு இருக்கற போருல விடவே கூடாது. சேறு அடைச்சுக்கும், உரமும் மருந்தும் நேரா நிலத்தடிக்குப் போயிரும். குட்டைக்குள்ள தனியா செறிவுக் குழாய் (தண்ணிய நிலத்தடிக்கு எறக்கற குழாய்) போட்டு, சுத்தி பெரிய கல்லு, ஜல்லி, மேல மணல்னு வடிகட்டி வெக்கணும். அந்த மேல் மணலை வருசா வருசம் மாத்தணும். அதை யாரு செய்யறதுன்னும் தீர்மானத்துலயே எழுதிடுங்க.

ராசு அண்ணன்: காசு எவ்வளவுங்க வரும்?

பழனி மாமா: பிரதமர் விவசாய நீர்ப்பாசனத் திட்டத்துல நீர்வடிப்பகுதி 2.0க்கு (2021-26) சமவெளியில ஹெக்டேருக்கு 22,000 ரூபா, மலைப்பாங்கான எடத்துல 28,000. அதுல மத்திய அரசு 60 சதவீதம், மாநிலம் 40. நம்ம 40 ஹெக்டேருக்கு மொத்தமே 8.8 லட்சம். அதுல நிர்வாகம், பயிற்சி எல்லாம் போக மீதிதான் வேலைக்கு. பாலத்துக்கிட்ட ஒரு அணையே பாதிக்கு மேல முழுங்கிரும்.

செல்வம்: ஊறுற தண்ணிய பக்கத்துக் காட்டுக்காரர் புது போரு போட்டு உறிஞ்சிட்டா என்னங்க பண்றது? 😅

பழனி மாமா: அதான் பெரிய ஓட்டை. மகாராட்டிரத்துல ஹிவரே பஜார்ல ஊரே கூடி, பாசனத்துக்கு ஆழ்துளைக் கிணறு வேண்டாம், கரும்பு வேண்டாம்னு முடிவு செஞ்சுட்டாங்க. நம்மூர்ல வாழைக்காரங்க ஒத்துக்குவாங்களா, எனக்கு நம்பிக்கையில்ல. சொட்டுநீருக்காவது எல்லாரும் மனு குடுங்க. 5 ஏக்கருக்குள்ள இருக்கற சிறு, குறு விவசாயிக்கு 100 சதவீத மானியம், மத்தவங்களுக்கு 75.

குமரேசன்: அப்ப தடுப்பணை வேண்டாமுங்களா?

சுமதி அக்கா: வேண்டாம்னு சொல்லலை. கல் தடுப்பும் வரப்பும் முடிஞ்சு ஒரு மழைக்காலம் போகட்டும். வண்டல் எவ்வளவு வருதுன்னு பாத்து எடத்தை முடிவு பண்ணலாம். கட்டறப்ப கீழ்ப்பக்கம் தண்ணி விழற எடத்துக்குக் கருங்கல் தளம் போடலைன்னா குழி பறிச்சு அணையே சாஞ்சுரும்.

ராசு அண்ணன்: சரிங்க. வரிசையா எழுதிக்கறேன்: கரட்டுல கல் தடுப்பு, காட்டு வரப்பு, பண்ணைக்குட்டை, அப்பறம் அணை.

பழனி மாமா: சாயங்காலம் 4 மணிக்கு கரட்டடிக்கு வாங்க. டியூப் லெவலுக்கு (தண்ணி ஊத்தி மட்டம் பாக்கறதுக்கு) 20 மீட்டர் கண்ணாடி மாதிரி தெரியற பிளாஸ்டிக் குழாய் எங்கிட்ட இருக்கு. ஸ்கேல் வெச்ச கோல் ரெண்டு, சுண்ணாம்பு ஒரு மூட்டை யாராவது கொண்டு வாங்க.

குமரேசன்: சுண்ணாம்பு நாங்கொண்டு வர்றேங்க மாமா.