பல் மருத்துவக் கல்லூரியில் அம்மாவுக்குப் பல் செட் கட்டிய அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

கடலூர்க்காரி:
அம்மாவுக்கு மேலும் கீழும் ஒரு பல்கூட இல்லை. வெளியே கிளினிக்கில் முழு செட்டுக்குச் சொன்ன தொகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால் பல் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்குப் போனோம். ஓ.பி. சீட்டு வாங்கி உள்ளே நுழைந்ததுமே வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள் சூழ்ந்துகொண்டார்கள். "பாட்டி, சுகர் இருக்கா? கடைசிப் பல் எடுத்து எத்தனை மாசம் ஆச்சு?" ஒரு பெண் ஈறைத் தடவிப் பார்த்துவிட்டு, "ரிட்ஜ் (ஈறு மேடு) சூப்பரா இருக்குடா" என்று பக்கத்துப் பையனிடம் சொன்னாள். பெண் பார்க்க வந்த வீடு மாதிரி அம்மாவுக்கு ஒரே வெட்கம்.

அந்தப் பெண் இறுதியாண்டு. ஒருநாள் வெந்நீரில் இளக்கிய கட்டியை வாயில் வைத்து அச்சு எடுத்தாள், அடுத்த முறை கிராம்பு வாசம் அடிக்கும் பசையில். அப்புறம் மெழுகு வைத்துக் கடி அளவு, அப்புறம் மெழுகில் பல் அடுக்கிப் பார்த்தல். ஒவ்வொரு கட்டத்துக்கும் சார் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பாதி நேரம் அந்தக் கையெழுத்துக்குக் காத்திருந்ததுதான். ஒருமுறை சார் அச்சைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஓரம் சரியா வரல, திரும்ப எடு" என்று போய்விட்டார். பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மா, "எடு கண்ணு, வீட்டுல எனக்கு என்ன வேலை" என்று மறுபடி வாயைத் திறந்தாள்.

செட் நன்றாகவே அமைந்தது. இப்போது கீழ்ச் செட் ஒரு பக்கம் உரசிப் புண்ணாகிறது. அந்தப் பெண் பரீட்சை முடிந்து போய்விட்டாள். யாரைப் பார்ப்பது?

சைதாப்பேட்டை வாசி:
உங்களுக்காவது வேலை முடிந்தது. எனக்கு ஒரு கல்லூரியில் முன்பல் வேரைச் சுத்தம் செய்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினார்கள். அடுத்த முறை போனால் பிள்ளைகளுக்கு எக்ஸாம் லீவு. இன்னொருவர் சீட்டைப் பார்த்துவிட்டு, "இது என் கேஸ் இல்லையே" என்றார். அடைத்தது விழுந்து, பல் உடைந்து, கடைசியில் வேறு இடத்தில் பிடுங்க வேண்டியதாயிற்று. தொட்ட வரைக்கும் அந்தப் பையன் பொறுமையாகத்தான் செய்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கும்பகோணம் பல் டாக்டர்:
நானும் அப்படிக் கேஸ் தேடி அலைந்தவன்தான். பி.டி.எஸ். நான்கு வருடப் படிப்பு, ஒரு வருடம் பயிற்சி. மூன்றாம் வருடத்திலிருந்து நோயாளிகளைப் பார்க்கிறோம். இத்தனை பல் எடுக்க வேண்டும், இத்தனை அடைக்க வேண்டும், இத்தனை செட் கட்ட வேண்டும் என்று கோட்டா உண்டு. பஸ் காசு கொடுத்து ஆள் கூட்டி வருவதும், பரீட்சையன்று பாட்டிக்கு ஆட்டோ அனுப்புவதும் சகஜம். உங்கள் அம்மாவுக்கு ஈறுக்கு அடியில் எலும்பு தேயாமல் ஈறு மேடாக இருந்ததால் செட் நன்றாகப் பிடிக்கும். அதனால்தான் அந்தப் போட்டி. எலும்பு தேய்ந்து ஈறு தட்டையாகிப் போனவருக்குத்தான் செட் கட்டுவது கஷ்டம், ஆனால் அவரைச் சுற்றி யாரும் நிற்க மாட்டார்கள். எண்ணிக்கைக்கு மதிப்பெண் கொடுக்காமல், ஒருவர் வாயில் தொடங்கிய எல்லா வேலையையும் முடித்ததற்குக் கொடுத்தால் சைதாப்பேட்டை அண்ணனுக்கு இந்தக் கதி வந்திருக்காது என்பது என் எண்ணம்.

அக்கா, புது செட் உரசுவது வழக்கம்தான். அதைச் சரிசெய்வதும் சிகிச்சையில் சேர்த்தி. அட்டையை எடுத்துக்கொண்டு அதே செட் கட்டும் பிரிவுக்குப் போங்கள். மாணவி பெயரைத் தேட வேண்டாம், ஓ.பி. எண்ணைச் சொல்லி அங்கே இருக்கும் ஆசிரியரைக் கேளுங்கள். போவதற்கு முந்தின நாள் செட்டைப் போட்டுக்கொண்டு சாப்பிடச் சொல்லுங்கள். புண் தெரிந்தால்தான் எந்த இடத்தைத் தேய்ப்பது என்று தெரியும். வீட்டில் உப்புத்தாள் வைத்துத் தேய்க்காதீர்கள். அப்படித் தேய்த்துக்கொண்டு என்னிடம் வந்தவர்கள் நிறைய.

வேர் சிகிச்சைக்குப் போகிறவர்கள் முதல் நாளே, "லீவு வந்தால் யார் பார்ப்பார்கள்?" என்று கேட்டு, பெயரைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். கடைவாய்ப் பல் என்றால் பெரும்பாலும் பி.ஜி. (மேற்படிப்பு) மாணவர்களிடம் அனுப்புவார்கள். வரிசை நீளம்தான், ஆனால் அவர்கள் மூன்று வருடம் அங்கேயே இருப்பார்கள்.