நிலாவுல இருக்கற தண்ணி யாருக்கு? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க

கொருக்குப்பேட்டை கலா
9 நவம்பர் 2025, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுலயே டைலரிங் பண்றேன். பையன் பதினொண்ணாவது படிக்கிறான். போன ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 5:26க்கு ஸ்ரீஹரிகோட்டாவுல இருந்து சிஎம்எஸ்-03 செயற்கைக்கோள் போச்சு இல்லையா, அதை போன்ல பாத்துக்கிட்டே, "இதே எல்விஎம்3 ராக்கெட்தாம்மா சந்திரயான்-3ஐயும் தூக்கிட்டுப் போச்சு"ன்னான். அப்படியே பேச்சு நிலாவுக்குத் திரும்பிடுச்சு. தென் துருவத்துல தண்ணி இருக்காம். அமெரிக்கா, சீனா, ஜப்பான், நாம எல்லாரும் அதுக்குத்தான் ஓடறோமாம்.

தண்ணின்னு காதுல விழுந்ததுமே எனக்கு 2019 வந்துடுச்சு. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலு ஏரியும் காஞ்சு கெடந்த வருஷம். எங்க தெருவுக்கு லாரி ராத்திரி 2 மணிக்கு வந்தாலும் வரும், வராமலும் போகும். குடத்து மேல பெயின்ட்ல பேர் எழுதி வரிசையில போட்டுட்டுத்தான் படுப்போம். ஜூலை 12ஆம் தேதி ஜோலார்பேட்டையில இருந்து வில்லிவாக்கத்துக்கு ரயில்ல தண்ணி வந்துச்சு. சரியா பத்து நாள் கழிச்சு, 22ஆம் தேதி மத்தியானம், சந்திரயான்-2 கிளம்புச்சு. பையன் அப்ப அஞ்சாவது. ஸ்கூல் விட்டு பையோட நேரா லாரி வரிசைக்கு ஓடி வந்து, டீச்சர் டிவியில காட்டினாங்கன்னு மூச்சு வாங்கச் சொன்னான். எனக்கு முன்னாடி நின்ன பாட்டிம்மா திரும்பிப் பாத்து, "அங்க போயி தண்ணியா கண்ணு கொண்டாரப் போறாங்க?"ன்னு கேட்டாங்க. கோவமா கேக்கல. நெஜமாவே தெரிஞ்சுக்கத்தான் கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல. அவங்க இப்ப உயிரோட இல்ல.

அந்தக் கேள்விய இங்க கேக்கறேன். அங்க தண்ணி இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிச்சாங்க? எடுத்து என்ன பண்ணுவாங்க? எடுத்தா அது யாரோடது? பையனுக்கு நானே சொல்லணும்னு ஆசை.

பெரம்பூர் இயற்பியல் வாத்தியார்
9 நவம்பர் 2025, இரவு 10:25

வணக்கம் அம்மா. 31 வருடம் பள்ளியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். உங்கள் முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன்.

2008 அக்டோபர் 22இல் சென்ற சந்திரயான்-1இல் நாசாவின் கருவி ஒன்றும் இருந்தது. நிலவின் மேல்மண்ணில் நீர் மூலக்கூறுகளின் அடையாளம் தெரிகிறது என்று அதை வைத்து 2009 செப்டம்பரில் அறிவித்தார்கள். அடுத்த மாதம் 9ஆம் தேதி அமெரிக்கர்கள் ஒரு துணிச்சலான காரியம் செய்தார்கள். எரிபொருள் தீர்ந்த ராக்கெட் பாகத்தைத் தென் துருவத்துக்கு அருகில் உள்ள கேபியஸ் என்ற பள்ளத்தில் மோதவிட்டு, எழும்பிய புழுதியை அளந்தார்கள். எடையில் ஏறக்குறைய 5.6 சதவீதம் நீர்.

அந்தப் பள்ளங்களில் மட்டும் ஏன் என்று பையன் கேட்பான். நிலவின் அச்சு 1.5 டிகிரிதான் சாய்ந்திருக்கிறது. பூமிக்கு 23.5. அதனால் துருவத்தில் நிற்பவனுக்குச் சூரியன் எப்போதும் தொடுவானத்தை ஒட்டியே சுற்றும். ஆழமான பள்ளத்தின் அடியில் கோடிக்கணக்கான ஆண்டுகளாக வெயிலே விழுந்ததில்லை. குளிர் மைனஸ் 200 டிகிரிக்கும் கீழே. உள்ளே போன பனி அப்படியே உறைந்து கிடக்கிறது.

ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். சந்திரயான்-3 தென் துருவத்திலேயே இறங்கியது என்று மேடையில்கூடப் பேசுகிறார்கள். 2023 ஆகஸ்ட் 23 மாலை 6:04க்கு அது இறங்கிய இடம் தெற்கே 69 டிகிரி அருகில். துருவம் 90. இதனால் அதன் திட்ட இயக்குநர், விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேலும் அவருடைய அணியும் செய்ததன் பெருமை ஒரு கடுகளவும் குறையாது. அதற்கு நான்கு நாள் முன்னால்தான் ரஷ்யாவின் லூனா-25 விழுந்து நொறுங்கியது.

துருவத்துப் பனியை இதுவரை எந்தக் கருவியும் தொட்டதில்லை. துளையிடும் கருவியோடு இந்த ஆண்டு மார்ச் 6இல் இறங்கிய அமெரிக்கத் தனியார் கலம் அதீனா ஒரு பள்ளத்துக்குள் பக்கவாட்டில் சாய்ந்துவிட்டது. சோலார் தகட்டில் வெயில் படவில்லை. கதை முடிந்தது. அடுத்து சீனாவின் சாங்'இ-7 அடுத்த ஆண்டு போகத் திட்டம். நாமும் ஜப்பானும் சேர்ந்து அனுப்பப்போகும் சந்திரயான்-5இல், நிலவில் ஓடும் ரோவர் வண்டி மட்டுமே 350 கிலோ. மண்ணைத் துளைத்துப் பார்ப்பதுதான் அதன் வேலை. நான் மிகவும் எதிர்பார்ப்பது அதைத்தான்.

மணலி ஆபரேட்டர்
10 நவம்பர் 2025, காலை 6:50

கலா அக்கா, நைட் ஷிப்ட் முடிச்சு பஸ்ல உக்காந்து டைப் பண்றேன். மணலியில ஒரு ஆக்சிஜன் பிளான்ட்ல 14 வருஷமா ஆபரேட்டர். எடுத்து என்ன பண்ணுவாங்கங்கறதுக்கு நான் சொல்றேன், ஏன்னா அது எங்க தொழில்.

அந்தப் பாட்டிம்மாவுக்கு நேர் பதில்: ஒரு சொட்டு கூட இங்க வராது. அது அங்கயே செலவாகற தண்ணி. நீங்க சொன்ன ஜோலார்பேட்டை ரயிலையே எடுத்துக்கங்க. 50 வேகன், வேகனுக்கு 50,000 லிட்டர். இருநூறு கிலோமீட்டர் தாண்டி வந்துச்சு. இங்கயே தண்ணி இருந்தா யாராவது ரயில் விடுவாங்களா? நிலாவுக்கு எவ்ளோ செலவாகுது பாருங்க. எல்விஎம்3 கிளம்பும்போது 640 டன். சந்திரயான்-3 முழுசும் 3,900 கிலோ. அதுல நிலாவுல எறங்கற லேண்டர் 1,752 கிலோ. அதுக்குள்ள இருந்த பிரக்யான் ரோவர் 26 கிலோ. கடையில விக்கற அரிசி சிப்பம் ஒண்ணு. ஒரு சிப்பத்தை அங்க எறக்கி வைக்க 640 டன் இங்க கிளம்பணும். மனுஷன் போய் மாசக்கணக்குல தங்கணும்னா குடிக்கற தண்ணியும் மூச்சுக் காத்தும் திரும்பி வர எரிபொருளும் இங்க இருந்தே தூக்கிட்டுப் போனா கட்டுப்படியே ஆகாது.

தண்ணியில கரென்ட் விட்டுப் பிரிச்சா, 9 கிலோவுக்கு 8 கிலோ ஆக்சிஜன், 1 கிலோ ஹைட்ரஜன் வரும். ரெண்டையும் குளுர வெச்சுத் திரவமாக்கினா அதுதான் ராக்கெட் எரிபொருள். எல்விஎம்3 மேல்கட்டத்துல எரியறதும் இந்த ரெண்டும்தான். அந்த இன்ஜினை நம்ம மகேந்திரகிரியிலதான் டெஸ்ட் பண்றாங்க.

சொல்றதுக்கு ஈஸி. திரவ ஆக்சிஜன் மைனஸ் 183. அதோட தினமும் பொழங்கறவன் நான், ஒரு வால்வு லேசா கசிஞ்சாலே எங்களுக்குத் தூக்கம் போயிடும். ஹைட்ரஜன் மைனஸ் 253, அதுக்கு மேல பொல்லாதது. நூல் அளவு சந்து இருந்தாலும் வெளியே வந்துடும். 2022 செப்டம்பர் 3ஆம் தேதி நாசாவோட நிலா ராக்கெட் ஆர்ட்டெமிஸ்-1 கிளம்பாம நின்னதே ஹைட்ரஜன் கசிவாலதான். கடைசியில நவம்பர் 16தான் போச்சு. அத்தனை ஆள், அத்தனை வசதி இருக்கற இடத்துலயே அப்படி. அங்க ஸ்பேனர் எடுத்துட்டுப் போய் முடுக்க யார் இருக்கா?

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப நாளா மனசுல ஓடறது. எங்க டேங்குக்கு ரெட்டைச் சுவர். நடுவுல பெர்லைட்னு வெள்ளைப் பவுடர் கொட்டி, காத்தை முழுசா உறிஞ்சிடுவோம். வெற்றிடத்துல இருக்கற பவுடர் சூட்டை ரொம்ப நல்லாத் தடுக்கும். நிலா மண்ணும் அதேதான்! பவுடர், சுத்தி வெற்றிடம். சந்திரயான்-3ஓட விக்ரம் லேண்டர்ல மண்ணோட சூட்டைப் பாக்க இருந்த சாஸ்டே கருவி அளந்துச்சே, மேல 50 டிகிரி, 8 சென்டிமீட்டர் கீழ மைனஸ் 10. ஒரு சாண் கூட இல்ல, 60 டிகிரி வித்தியாசம். அந்த மண்ணை சூடாக்கிப் பனியை எடுக்கறதுன்னா ஒரு பெர்லைட் மூட்டைக்கு அடுப்பு வைக்கற மாதிரி. சூடு உள்ள போகவே போகாது. இதை எவனாவது ஒருத்தன் தீர்த்துட்டான்னா அவனை நான் கும்புடுவேன்.

கொரோனா ரெண்டாவது அலை அடிச்ச 2021 மே மாசம் நாங்க வீட்டுக்கே போகல. பிளான்ட்ல டேங்க் நிறைஞ்சு இருக்கும், ஆஸ்பத்திரியில அளவு எறங்கிக்கிட்டே இருக்கும், நடுவுல ஓடறதுக்கு டேங்கர் பத்தாது. கேட்ல டிரைவருங்க வண்டியிலயே தூங்குவாங்க. நிலாவுல ஆக்சிஜன் செய்யணும்னு அவங்க ஏன் துடிக்கிறாங்கன்னு எனக்கு அந்த மாசத்தை நெனச்சாலே புரியுது.

காசிமேடு விசைப்படகு
10 நவம்பர் 2025, மதியம் 1:15

அக்கா, யாரோடதுன்னு கேட்டீங்க. அப்பா விசைப்படகு வெச்சிருக்கார், நான் சட்டம் மூணாவது வருஷம். இந்த விஷயத்துல எனக்கு படிப்பை விட கடல்தான் கை குடுக்குது.

1967 விண்வெளி ஒப்பந்தம் சொல்றது: நிலாவை எந்த நாடும் தன்னோடதுன்னு சொல்லிக்க முடியாது. நாமும் அதுல இருக்கோம். ஆனா அங்க தோண்டி எடுத்த பொருள்? அது அந்த ஒப்பந்தத்துல தெளிவா இல்ல. 2015ல அமெரிக்கா தன் நாட்டுக்காரங்க எடுத்தா எடுத்தவங்களுக்கே சொந்தம்னு சட்டம் போட்டுச்சு. நடுக்கடல் யாருக்கும் சொந்தமில்ல, வலையில ஏறின மீன் படகுக்காரனுக்குன்னு நாம சொல்றோமே, அந்த நியாயம்தான். நிலா ஆய்வுக்காக அமெரிக்கா முன்னெடுத்து 2020ல வந்த ஆர்ட்டெமிஸ் உடன்படிக்கையும் இதே பக்கம். இந்தியா 2023 ஜூன் 21ல கையெழுத்துப் போட்டுச்சு. சீனாவும் ரஷ்யாவும் போடல, 2021லயே ரெண்டு பேரும் சேர்ந்து தனியா நிலவு ஆய்வு நிலையம் கட்டறதா அறிவிச்சிட்டாங்க.

எனக்கு உறுத்தறது ரெண்டு. அந்த உடன்படிக்கையில பாதுகாப்பு வளையம்னு ஒண்ணு இருக்கு. ஒருத்தர் வேலை செய்யற இடத்துல இன்னொருத்தர் வந்து இடைஞ்சல் பண்ணாம இருக்க முன்கூட்டியே தகவல் சொல்லி எல்லை குறிக்கறது. நியாயம்தான், ராக்கெட் விடற அன்னைக்கு பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகாதீங்கன்னு அறிவிப்பு வர்றதும் உயிருக்காகத்தான். ஆனா அது ஒரு நாள். நல்ல பனி இருக்கற பள்ளத்தைச் சுத்தி பத்து வருஷம் ஒருத்தர் வளையம் போட்டு வெச்சிருந்தா, பேருக்கு யாருக்கும் சொந்தமில்ல, நெஜத்துல யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும்.

ரெண்டாவது, மீனுக்கு நாம ஏப்ரல் 15ல இருந்து 61 நாள் தடை வெக்கறோம். குஞ்சு பெருகட்டும்னு. அந்தப் பனி பெருகாது. எடுத்தா எடுத்ததுதான். நிலா மனுஷகுலம் மொத்தத்துக்கும் பொதுன்னு 1979ல ஒரு ஒப்பந்தம் வந்துச்சு. இந்தியா 1982ல கையெழுத்துப் போட்டும் இன்னும் உறுதி செய்யல. பெரிய விண்வெளி நாடுகள் எதுவும் அதுல சேரல. முதல் படகு வலை போடறதுக்கு முன்னாடி எவ்ளோ எடுக்கலாம்னு பேசி முடிச்சாகணும். எல்லாரும் எறங்கினப்புறம் பேசினா எப்படி முடியும்னு காசிமேட்டுல வளர்ந்தவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

கொருக்குப்பேட்டை கலா
10 நவம்பர் 2025, இரவு 8:30

மூணு பேருக்கும் என்ன சொல்றதுன்னே தெரியல. இவ்ளோ பொறுமையா எழுதியிருக்கீங்க. தையல் மெஷினை நிறுத்திட்டு முழுசும் பையனுக்கு வாசிச்சுக் காட்டினேன்.

மணலி தம்பி, 2021 மே மாசம் நீங்க வீட்டுக்குப் போகலன்னு எழுதினதைப் படிச்சதும் கொஞ்ச நேரம் எனக்குப் பேச்சு வரல. எங்க அண்ணன் அந்த மாசம் பத்து நாள் ஆக்சிஜன்லதான் இருந்தார். பொழைச்சு வந்துட்டார். அது எங்க இருந்து வந்த ஆக்சிஜனோ தெரியாது, உங்களுக்கும் உங்க கூட வேலை செஞ்சவங்களுக்கும் என் நன்றி.

பையன் உடனே நோட்டை எடுத்துட்டான். சார் சொன்ன 5.6 சதவீதத்தை வெச்சு, 15 லிட்டர் குடம் ஒண்ணு நிறைய 268 கிலோ மண்ணு வேணும்னு கணக்குப் போட்டான். அன்னைக்கு நான் வரிசையில வெச்சிருந்தது ஆறு குடம். கேட்டதும் கை கால் ஓடல.

இப்ப அவன் கேக்கறது: பள்ளத்துல வெயிலே இல்லன்னா அத்தனை மண்ணையும் சூடாக்கக் கரென்ட் எங்க இருந்து வரும்?

பெரம்பூர் இயற்பியல் வாத்தியார்
10 நவம்பர் 2025, இரவு 9:05

அருமையான கேள்வி. பள்ளத்தின் அடியில்தான் இருட்டு. விளிம்பு மேட்டில் சில இடங்களில் வருடத்தின் பெரும்பகுதி வெயில் இருக்கும். அங்கே சோலார் தகடு நிறுத்திக் கேபிளைக் கீழே இறக்குவது ஒரு யோசனை. சிறிய அணு உலை வைப்பது இன்னொன்று. 5.6 என்பது ஒரே இடத்தில் ஒரே தடவை அளந்தது என்பதையும் அவனிடம் சொல்லிவையுங்கள். பக்கத்துப் பள்ளத்தில் வேறு எண் வரலாம்.

அவனுக்கு ஒரு வேலை தருகிறேன். தென் துருவத்திலேயே இருக்கும் ஷாக்கிள்டன் பள்ளத்தின் விட்டம் 21 கிலோமீட்டர், ஆழம் 4.2. விளிம்பிலிருந்து அடியின் நடுப்புள்ளி வரை நேராக இழுத்தால் கேபிள் எவ்வளவு நீளம்? பிதாகரஸ் போதும்.

கொருக்குப்பேட்டை கலா
10 நவம்பர் 2025, இரவு 9:20

11.3 கிலோமீட்டர்னு சொல்றான் சார். சரியா? அந்தக் கேபிளோட எடையும் கண்டுபிடிக்கணுமாம், மீட்டருக்கு எத்தனை கிலோ வரும்னு மணலி மாமாவக் கேளுங்கன்னு நச்சரிக்கிறான்.