மறு: 'கர்ட்டன் வால்' தமிழில் எப்படி?

நண்பர்களுக்கு வணக்கம். உயரமான கட்டடங்களின் வெளிப்புறத்தில் திரைபோல் மாட்டும் சுவரை ஆங்கிலத்தில் 'கர்ட்டன் வால்' (curtain wall) என்பார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் பேச்சில் நீங்கள் எழுதியவற்றுக்கு என் மறுமொழி இது.

> 'கண்ணாடிச் சுவர்' என்றாலே புரியுமே. புதுச்சொல் எதற்கு?

புரியும் ஐயா, ஆனால் வேறொன்றாகப் புரியும். நகைக்கடை முகப்பில் தரையில் ஊன்றி நிற்பதும் கண்ணாடிச் சுவர்தான். கர்ட்டன் வாலுக்கு இலக்கணம் சுமையைப் பொறுத்தது. கட்டடத்தின் பாரத்தை அது தாங்குவதில்லை. தன் எடையையும் காற்றின் அழுத்தத்தையும் தளங்களிடம் ஒப்படைத்துவிட்டு வெளியே தொங்குகிறது. கண்ணாடிக்குப் பதில் அலுமினியத் தகடு மாட்டினாலும் பெயர் மாறாது.

இந்தச் சொல்லுக்கு நான் ஏன் அலைகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இத்தாலிய இயக்குநர் அந்தோனியோனியின் 'லா நோத்தே' (1961) படத்தின் திரையிடலுக்குக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். தொடக்கத்தில் பெயர்கள் ஓடும்போது கேமரா மிலான் நகரின் பிரெல்லி கோபுரத்தை ஒட்டி மெல்லக் கீழே இறங்குகிறது. ஜியோ பொன்டி வடிவமைத்த கட்டடம்; உயரம் சுமார் 127 மீட்டர். பொறியாளர் நெர்வியின் கான்கிரீட் அமைப்பு பாரத்தை வாங்கிக்கொள்வதால், நீண்ட பக்கங்களில் வெறும் கண்ணாடியை மாட்ட முடிந்தது. அந்தக் கண்ணாடியில் நகரம் சாம்பல் நிறத்தில் மிதக்கிறது. கறுப்பு வெள்ளையில் எது கண்ணாடி, எது வானம் என்று கண் ஒரு கணம் தடுமாறும். கதையின் கணவனும் மனைவியும் இன்னும் வந்தபாடில்லை. நாம் அதற்குள் எத்தனையோ மாடி இறங்கிவிட்டிருப்போம். இதை நான் 'கண்ணாடிச் சுவர்' என்று எழுத, கட்டடப் பொறியாளரான நண்பர் சிவப்பு மையால் சுழித்துவிட்டார்.

> 'தொங்குசுவர்' போதாதா?

கருத்து சரிதான். ஆனால் நிலவியலில் பிளவுக்கு மேற்புறமுள்ள பாறைக்கு அந்தச் சொல் தேவைப்படும். தவிர, இடிந்து தொங்கும் சுவர் என்று படிப்பவர்களும் இருப்பார்கள்.

> 'எழினிச்சுவர்' என்று வைப்போம். சிலப்பதிகாரச் சொல்.

இது எனக்கும் ஆசைதான், அம்மா. எழினி என்றால் நாடக மேடைத் திரை. அரங்கேற்று காதையில் ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூன்று வருகின்றன. கடைசியது மேலிருந்து இறங்குவது என்று விளக்குவார்கள். கேமராவின் இறக்கத்துக்கு அழகாகப் பொருந்தும். ஆனால் சாரத்தில் நிற்கும் மேஸ்திரி இதைச் சொல்வாரா? அவர் கண்ணாடி மாட்டுவதைக் குறிக்கும் 'கிளேசிங்' என்றே சொல்லிக்கொண்டிருப்பார்.

ஆகவே என் ஓட்டு 'திரைச்சுவர்' என்பதற்கு. 'திரை' என்றதும் சினிமாத் திரை நினைவுக்கு வரும், படம் காட்டும் சுவர் என்று எடுத்துக்கொள்வார்கள் என்று ஒருவர் முன்பே எச்சரித்திருந்தார். உண்மைதான், அதுவும் திரைப்படக் கட்டுரையில். முதல் இடத்தில் மட்டும் 'திரைபோல் தொங்கும் வெளிச்சுவர்' என்று விரித்து எழுதிவிட்டால் பிறகு சிக்கல் இராது. கோட்டைகளைப் பற்றிய நூல்களில் இதே ஆங்கிலப் பெயர் வரும். அங்கே நம்மிடம் 'மதில்' இருக்கிறது, தொட வேண்டாம்.

வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "கேமரா திரைச்சுவரை ஒட்டி இறங்க, குறுக்குச்சட்டங்கள் ஒவ்வொன்றாக மேலேறிப் போகின்றன, குத்துச்சட்டங்கள் மட்டும் அசையாமல் நிற்கின்றன." காதுக்கு இடறவில்லை.

'குத்துச்சட்டம்' நானே 'குத்துக்கால்' என்பதிலிருந்து கட்டியது. சன்னலின் நடுவே நெடுக்காக நிற்கும் சட்டத்துக்கு உங்கள் ஊர்த் தச்சர்கள் ஏதாவது பெயர் வைத்திருந்தால் எழுதுங்கள், இதை அழித்துவிடுகிறேன்.

அன்புடன்.