பிரிட்ஜ் முறையில் ஆம்ப்ளிஃபையர் நின்றுபோவது ஏன்?

கேள்வி (காங்கேயம்): மாரியம்மன் கோயில் பொங்கலுக்கு நான்கு சேனல் ஆம்ப்ளிஃபையரில் இரண்டு சேனல்களைப் பிரிட்ஜ் செய்து (இரண்டையும் சேர்த்து ஒரே வெளியீடாக்கி), 8 ஓம் (மின்தடை அளவு) ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை இணையாகக் கொடுத்தேன், பம்பை அடி உரக்க எழும்போதெல்லாம் சிவப்பு விளக்கு எரிந்து ஒலி நின்றுவிடுகிறது. காரணம் என்னங்க?

பதில் (பெருந்துறை): இணையாகச் சேர்ந்த பெட்டிகள் 4 ஓம் ஆகின்றன, பிரிட்ஜில் ஒவ்வொரு சேனலுக்கும் அதில் பாதி, அதாவது 2 ஓம் சுமையே தெரியும் என்பதால், மின்னோட்டம் மிகுந்து பாதுகாப்புச் சுற்று ஒலியைத் துண்டிக்கிறதுங்க. பிரிட்ஜை நீக்கிவிட்டு, சேனலுக்கு ஒரு பெட்டியாகப் பிரித்துக் கொடுங்கள்.

பதில் (ஈரோடு): விசிறி வடிகட்டியையும் கழற்றிப் பாருங்கள், மஞ்சள் மண்டிக்கு அருகில் வைத்திருந்த எங்கள் ஆம்ப்ளிஃபையரில் தூசி மெத்தைபோல் அப்பியிருந்தது. மிக்சருக்குப் பிறகே ஆம்ப்ளிஃபையரை இயக்குங்கள். அணைக்கும்போது அதையே முதலில் அணையுங்கள்.

காங்கேயம்: பிரித்துக் கொடுத்தேன்; இரவு முழுதும் ஒலி நிற்கவில்லை. மிக்க நன்றிங்க.