வகுப்பில் தரும் விளையாட்டு மாவு மறுநாளே பிசுபிசுக்குது. ஒரு பையன் தொடவே மாட்டேங்கிறான்

மழலை_மேசை:
மூணு வயசுப் பிள்ளைங்க 12 பேர். 1 கப் மைதா, 1 கப் உப்பு, பச்சைத் தண்ணி விட்டுப் பிசைஞ்சு தர்றோம். மறுநாளே நீர் விட்டுக் கையில ஒட்டுது, அப்புறம் வாடை வந்துடுது. எங்க தப்பு? இன்னொண்ணு: ஒரு பையன் மாவு, பெயின்ட், ஈர மணல் எதையுமே தொடறதில்லை. விரல்ல பட்டா கையை உதறிச் சட்டையில துடைக்கிறான். பிடிச்சுப் பழக்கலாமா?

கைப்பக்குவம்:
உப்பு அதிகம். அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். கடலோர ஊர்னா கேட்கவே வேண்டாம். பச்சையாப் பிசையாம அடுப்புல கிளறுங்க. 1 கப் மைதா, அரை கப் தூள் உப்பு, 1 கப் தண்ணி, 1 டேபிள்ஸ்பூன் எண்ணெய், 2 டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு. முதல்ல உப்பு முழுசாக் கரையணும், இல்லாட்டி மாவு நறநறக்கும். பிறகு மைதாவைக் கட்டியில்லாமக் கரைச்சு, சிறு தீயில, கொழுக்கட்டைக்கு மாவு கிளறுற மாதிரி கைவிடாமக் கிளறுங்க. நாலஞ்சு நிமிஷத்துல திரண்டு பாத்திரத்தை விட்டு வரும். நடுவுல கிள்ளிப் பாருங்க; உள்ளே வெள்ளையா, ஈரமாத் தெரிஞ்சா வேகலை. ஒட்டுற மாவு முக்கால்வாசி இப்படி அரைவேக்காட்டுல இறக்கினதுதான். மேலே மைதா தூவினா அப்போதைக்கு அடங்கும், மறுநாள் திரும்ப ஒட்டும். அடுப்புல ஏத்துறதுதான் வழி.

நல்லா ஆறினப்புறம் டப்பாவுல மூடுங்க. சூட்டோட மூடினா மூடி வேர்த்து, அந்தத் தண்ணி சொட்டின இடத்துல பூஞ்சை பிடிக்கும். 12 பேருக்கு இந்த அளவுல ரெண்டு மடங்கு வேணும். விரல்ல வெட்டுக்காயம், நகச்சுத்தி இருக்கிற பிள்ளைக்கு அன்னைக்கு வேண்டாம், உப்பு எரியும்.

விரல்நுனி:
அந்தப் பையன் கையைப் பிடிச்சு மாவுல வைக்கவே வைக்காதீங்க. வேற யாரோட பதிலை விட்டாலும் இதை விட்டுடாதீங்க. ஒரு தடவை பிடிச்சு அழுத்தினா மேசைப் பக்கமே வரமாட்டான்.

உலர்ந்ததுல ஆரம்பிங்க. தாம்பாளத்துல ரவை பரப்பி, பொம்மைக் கார் ஓட்ட விடுங்க. கை ரவையில படணும்னு இல்லை. அடுத்து கரண்டி, பிரஷ். பெயின்டுக்கு ஜிப் கவர்: உள்ளே ரெண்டு ஸ்பூன் பெயின்ட், காத்தை வெளியேத்தி மூடி, நாலு பக்கமும் மேசையில டேப் ஒட்டிடுங்க. மேலேருந்து விரலால கோடு இழுப்பான், கை ஈரமாகாது. மாவுக்குப் பூரிக்கட்டை கொடுங்க. ஜில்லுனு இருக்கிறதைவிட வெதுவெதுப்பான மாவைச் சீக்கிரம் ஏத்துக்குவான்.

பக்கத்துலயே ஈரத்துணி வைங்க. துடைச்சுக்கலாம்னு தெரிஞ்சாத்தான் தொடத் துணிவான். தொடங்குமுன் ரெண்டு உள்ளங்கையையும் சேர்த்து அழுத்தச் சொல்லுங்க. லேசா வருடுற தொடுகைதான் இவங்களுக்குக் கூசும், அழுத்தம் கூசாது.

நகம் வெட்ட, தலை குளிப்பாட்ட, குழைஞ்ச சாதம் ஊட்டவும் இதே போராட்டம்னா, ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குற சிகிச்சையாளர்) ஒருத்தர் பார்க்கணும். அரசு மருத்துவமனையில டி.இ.ஐ.சி. மையத்துல (பிள்ளைங்க வளர்ச்சிக் குறைபாட்டைச் சீக்கிரமே கண்டுபிடிச்சு உதவுற மாவட்ட மையம்) விசாரிக்கச் சொல்லுங்க.

பாதுகாப்பு_முதல்ல:
மாவு உப்புக்கட்டி மாதிரிதான். ஒரு உருண்டை உள்ளே போனாலே சின்ன உடம்புல சோடியம் ஆபத்தா ஏறலாம், அதனால வாயில வைக்கிற பிள்ளைக்கு உப்பில்லாத சப்பாத்தி மாவைத் தந்து அன்னைக்கே கொட்டிடுங்க. கோதுமை ஒவ்வாமை யாருக்காவது இருக்கான்னு முதல்லயே கேளுங்க.

ரவைத் தட்டுக்குப் பதிலாப் பயறு, கொண்டைக்கடலை வேண்டாம். மூக்குக்குள்ள போனா ஈரத்துல ஊறிப் பெருத்துடும். தண்ணியில ஊதுற ஜெல் உருண்டை அதைவிட மோசம், விழுங்கினா குடலையே அடைச்சுடும். அழகா இருக்குன்னு குன்றிமணியை எடுத்துடாதீங்க, மென்னா விஷம்.

மழலை_மேசை:
நன்றிங்க. நிறத்துக்கு மஞ்சள்தூள் போடலாமா?

கைப்பக்குவம்:
கால் ஸ்பூன் போதும், மைதா கரைக்கும்போதே போடுங்க. துணியில பட்டா கறை. சோப்புல கழுவும்போது சிவந்து தெரியும், அது மஞ்சளோட குணம்தான்னு பெற்றோர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.