வெள்ளிக்கிழமை ராத்திரி ஸ்கூல் ஃபுட்பால்: டாலஸ் பக்கம் புதுசா வந்தவங்களுக்கு

ஃபிரிஸ்கோவுக்குப் புதுசு:

எல்லாருக்கும் வணக்கம். ஜூலை மாசம் கோயம்புத்தூர்லேர்ந்து ஃபிரிஸ்கோ வந்தோம். பையன் ஒன்பதாவது சேர்ந்திருக்கான். எஸ்.எஸ்.என். (சோஷியல் செக்யூரிட்டி நம்பர்), டிரைவிங் லைசென்ஸ், வாடகை வீடு எல்லாம் இங்க நீங்க எழுதினதைப் படிச்சுத்தான் முடிச்சோம். இப்ப வேற ஒரு சந்தேகம். ஆபீஸ்ல, பக்கத்து வீட்டுல, முடி வெட்டப் போற இடத்துல கூட ஸ்கூல் பசங்க ஆடுற ஃபுட்பால் பேச்சுதான் (நம்ம ஊர் கால்பந்து இல்ல, பந்தைக் கையில பிடிச்சு ஓடுற அமெரிக்க ஆட்டம்). "உங்க ஸ்கூல் இந்த வருஷம் எப்படி?"ன்னு கேட்கிறாங்க. நான் சிரிச்சுட்டு நகர்ந்துடறேன். ஸ்கூல் டீம் ஆட்டத்துக்கு ஊரே ஏன் இப்படிக் கூடுது? பையன் ஆடாதப்போ நாங்க போகணுமா?

ஆலன்வாசி:

போங்க தம்பி. பையன் ஆடலைன்னாலும் போங்க. என் பொண்ணு ஒரு நாளும் அந்தப் பந்தைத் தொட்டதில்ல. ஆனா 13 வருஷமா நான் ஒரு சீசனும் விட்டதில்ல. வந்த புதுசுல எங்க தெருவுல யாருக்கும் என் பேர் தெரியாது, எனக்கும் யார் பேரும் தெரியாது. குப்பைத் தொட்டியை வெளிய வைக்கும்போது கையசைப்போம், அவ்வளவுதான். மைதானத்துல மூணு ஆட்டம் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தப்புறம்தான் எதிர்வீட்டுக்காரர் எங்க வீட்டுப் படியேறி வந்தார். நம்ம ஊர்ல தேர் இழுக்கிற அன்னிக்கு வராதவனை எல்லாரும் கவனிப்பாங்க இல்லையா, இங்க அது வெள்ளிக்கிழமை ராத்திரி.

சீசன் கணக்கு முதல்ல. ஆகஸ்ட் கடைசியில ஆரம்பிக்கும். நவம்பர் முதல் வாரத்துக்குள்ள 10 ஆட்டம். டெக்சாஸ்ல பப்ளிக் ஸ்கூல் போட்டி எல்லாத்தையும் நடத்துறது யு.ஐ.எல்.ங்கிற அமைப்பு. மாணவர் எண்ணிக்கையை வச்சு ஸ்கூல்களை 1ஏ-லேர்ந்து 6ஏ வரைக்கும் பிரிச்சிருப்பாங்க. 6ஏ-தான் பெரிய ஸ்கூல்கள். ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இந்தப் பிரிவையும், ஒவ்வொரு பிரிவுலயும் தங்களுக்குள்ள மோதுற ஸ்கூல்களோட குழுவான டிஸ்ட்ரிக்ட்டையும் மாத்தி அமைப்பாங்க. அந்தப் பட்டியல் வர்ற அன்னிக்கு ஊர்ல வேற பேச்சே இருக்காது. பெரிய பிரிவுகள்ல டிஸ்ட்ரிக்ட்ல முதல் 4 இடம் பிடிக்கிற டீம் பிளேஆஃப் போகும். அங்கேர்ந்து 6 ரவுண்டு, தோத்தா அன்னியோட சீசன் முடிஞ்சது. கடைசி வரைக்கும் போற டீம் 16 ஆட்டம் ஆடும். ஃபைனல் டிசம்பர்ல, ஆர்லிங்டன்ல டாலஸோட புரொஃபஷனல் டீம் கவ்பாய்ஸ் ஆடுற அதே ஏ.டி.&டி. ஸ்டேடியத்துல.

அங்க நடந்ததுல மறக்க முடியாதது 2018 ஃபைனல். டாலஸ் பக்கத்து டங்கன்வில்லும் ஹூஸ்டன் பக்கத்து நார்த் ஷோரும். டங்கன்வில் ஒரு பாயின்ட் முன்னால, கடிகாரத்துல சில நொடிதான் பாக்கி. நார்த் ஷோர் பையன் 45 யார்டு தள்ளித் தூக்கி எறிஞ்சான். கூட்டத்துக்கு நடுவுல இன்னொரு பையன் அதைப் பிடிச்சுட்டான். 41-36, ஆட்டம் முடிஞ்சது. தோத்த பசங்க புல்தரையில அப்படியே படுத்துட்டாங்க. நான் ரெண்டு ஊருக்கும் சம்பந்தமில்லாதவன், அன்னிக்கு எனக்கே தொண்டை அடைச்சுது.

உங்க ஆபீஸ்ல "ஆலன்"னு யாராவது ஆரம்பிச்சா, விஷயம் இதுதான். ஆலன் ஊருக்கே ஒரே ஹைஸ்கூல். ஊர் வளர்ந்தப்போ ரெண்டாவது ஸ்கூல் கட்டாம அந்த ஒண்ணையே பெருசாக்கினாங்க. அதனால ஆயிரக்கணக்கான பிள்ளைங்கள்லேர்ந்து ஒரு டீம். 2012-ல சுமார் 6 கோடி டாலர் செலவுல 18,000 பேர் உட்கார்ற ஸ்டேடியம் கட்டினாங்க. 2014-ல கான்கிரீட்ல விரிசல் தெரிஞ்சு மூடிட்டாங்க. அந்த வருஷம் சொந்த மைதானம் இல்லாமலே 16 ஆட்டமும் ஜெயிச்சு ஸ்டேட் சாம்பியன் ஆனாங்க. அப்ப குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவன், கைலர் மரே. 2012, 13, 14 மூணு வருஷமும் கோப்பை அவங்களுக்குத்தான். அவன் முதல் ஆளா இறங்கின 42 ஆட்டத்துல ஒண்ணு கூடத் தோக்கல. அப்புறம் 2018-ல காலேஜ் ஃபுட்பால்ல சிறந்த ஆளுக்குத் தர்ற ஹைஸ்மன் விருது, 2019-ல என்.எஃப்.எல்.ங்கிற புரொஃபஷனல் லீக் தேர்வுல முதல் ஆள். அந்தப் பையன் குள்ளம்னு சொல்லாத ஆள் கிடையாது. அவன் பந்தோட நழுவி ஓடறதை நேர்ல பார்த்தவங்க இன்னிக்கும் கையை வளைச்சுக் காட்டித்தான் பேசுவாங்க.

உங்க ஃபிரிஸ்கோ நேர் எதிர். ஸ்கூல் சின்னதா இருக்கணும், நிறையப் பிள்ளைங்களுக்கு ஆட, வாசிக்க, நடிக்க இடம் கிடைக்கணும்னு 12 ஹைஸ்கூல் கட்டினாங்க. ஆலன் மாதிரி வருஷா வருஷம் கோப்பை வராது. ஆனா உங்க பையன் கிளாஸ்ல பக்கத்து பெஞ்சுல இருக்கிற பையனே டீம்ல இருப்பான். எனக்கு ஃபிரிஸ்கோ முறைதான் சரின்னு படுது, ஆலன்ல வீடு வச்சுக்கிட்டே சொல்றேன். 12 ஸ்கூலுக்கும் மைதானம் பங்கு போடணும்கிறதால சில ஆட்டம் வியாழக்கிழமையே வரும், அட்டவணையைப் பார்த்துக்கோங்க. உங்க ஊர் ஃபோர்டு சென்டர்ல ஆட்டம் வந்தா அதுக்கு முதல்ல போங்க. கவ்பாய்ஸ் பயிற்சி பண்ற இடம், 12,000 பேர் உட்காரலாம், கூரை போட்ட ஏ.சி. அரங்கம். ஆகஸ்ட் சூட்டுக்கும் மழைக்கும் பயமில்ல, அப்பா அம்மா ஊர்லேர்ந்து வந்திருந்தா அவங்களையும் கூட்டிட்டுப் போகலாம்.

ஆட்டம் புரியறதுக்கு ஒரு கணக்கு போதும்: 4 தடவைக்குள்ள 10 யார்டு முன்னேறணும். முடிஞ்சா மறுபடி 4 வாய்ப்பு, முடியலைன்னா பந்து எதிராளிக்கு. பந்தோட எதிராளி கடைசிக் கோட்டைத் தாண்டினா டச்டவுன், அதுக்கு 6; கம்பங்களுக்கு நடுவுல உதைச்சு அனுப்பினா ஃபீல்டு கோல், அதுக்கு 3. மத்ததெல்லாம் பக்கத்துல இருக்கிறவரைக் கேளுங்க. கேட்டா சந்தோஷப்படுவாங்க, நிஜமாவே.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம், பசங்களைப் பத்தி எப்படிப் பேசறதுன்னு. நம்ம ஊர்ல கிரிக்கெட் பார்த்து வளர்ந்த வாய் நமக்கு. ஒருத்தன் கேட்ச் விட்டா டி.வி.யைப் பார்த்துத் திட்டுவோம். இங்க ஆடறது 16, 17 வயசுப் பிள்ளைங்க. அவங்க அம்மா ரெண்டு வரிசை முன்னால உட்கார்ந்திருப்பாங்க. என் ரெண்டாவது வருஷம், முக்கியமான நேரத்துல ஒரு ரிசீவர் (எறிஞ்ச பந்தைப் பிடிக்கிறவன்) கையில பட்ட பந்து நழுவிடுச்சு. "இதைக் கூடப் பிடிக்க மாட்டானா"ன்னு இங்கிலீஷ்ல சத்தமாவே சொல்லிட்டேன். முன்னால இருந்த அம்மா திரும்பல. அவங்க போட்டிருந்த ஜெர்சியோட முதுகு மட்டும் எனக்குத் தெரிஞ்சுது: அதே நம்பர், அதுக்கு மேல அதே பேர். ஹாஃப்டைம்ல போய் மன்னிப்புக் கேட்டேன். "இன்னிக்கு ராத்திரி அவன் தூங்க மாட்டான்"னு மட்டும் சொன்னாங்க. அன்னிலேர்ந்து அந்த மைதானத்துல எந்தப் பிள்ளையையும் நான் குறை சொன்னதில்ல. கோச் என்ன ஆட்டம் ஆட வச்சார்னு எவ்வளவு வேணா வாதம் பண்ணுங்க, பரவாயில்ல.

இன்னொண்ணு. 50-லேர்ந்து 79-க்குள்ள நம்பர் போட்ட பெரிய உடம்புக்காரப் பசங்களைப் பாருங்க. லைன்மேன்கள். அதுல அஞ்சு பேர் பந்தையே தொடாம குவார்ட்டர்பேக்குக்கு அரண் மாதிரி நிப்பாங்க. கபடியில பாடிப் போறவன் பேர் ஊருக்கே தெரியும், ஓரத்துல நின்னு கால் பிடிக்கிறவன் பேர் அவன் வீட்டுக்குத்தான் தெரியும். அதே கதைதான். மைக்ல இவங்க பேர் தப்பு பண்ணும்போதுதான் வரும். அதனால ஆட்டம் முடிஞ்சு வெளிய வரும்போது ஒரு லைன்மேனோட அம்மாவைப் பார்த்து, "மூணாவது குவார்ட்டர்ல உங்க பையன் ரெண்டு பேரைச் சேர்த்துத் தடுத்தானே, பார்த்தேன்"னு சொல்லிப் பாருங்க. அந்த முகத்தை நீங்க மறக்கவே மாட்டீங்க.

பேண்ட் அம்மா:

ஆலன் அண்ணா ஆட்டத்தைச் சொல்லிட்டார், நான் ஹாஃப்டைமைச் சொல்றேன். நம்ம பிள்ளைங்கள்ல நிறையப் பேர் இருக்கிறது, ஹாஃப்டைம்ல மைதானத்துல நடந்துக்கிட்டே வாசிக்கிற மார்ச்சிங் பேண்ட்லதான். ஜூலை கடைசியிலேயே வெயில்ல பயிற்சி ஆரம்பிச்சுடும். தலையில தொப்பி, கையில ஒரு கேலன் தண்ணி ஜக், கார் பார்க்கிங் தரையில கோடு போட்டு நடை. பேண்ட் பிள்ளைங்களோட அப்பா அம்மாக்கள் ஹாஃப்டைம் முடிஞ்சதும் கிளம்பிடுவாங்கன்னு ஃபுட்பால் வீட்டுக்காரங்களுக்கு ஒரு மனக்குறை உண்டு. தயவு செஞ்சு கடைசி வரைக்கும் இருங்க.

பழைய மாணவர்களை வரவேற்கிற ஹோம்கமிங் வாரத்துல "மம்"னு ஒண்ணு வரும், பயப்படாதீங்க. நம்ம சாமந்திதான், துணியில செஞ்சது. தட்டு அகலத்துக்குப் பூ, அதுலேர்ந்து முழங்கால் வரைக்கும் ஸ்கூல் நிறத்துல ரிப்பன், நடுவுல குட்டிக் கரடி பொம்மை, அங்கங்க மணி. பிள்ளைங்க நடந்தா சலங்கை மாதிரி சத்தம் கேட்கும். பொண்ணுங்க மார்புல குத்திக்குவாங்க, பசங்க சின்னதாக் கையில கட்டிக்குவாங்க. கடைசி வருஷத்துப் பிள்ளைங்களுக்கு வெள்ளையும் வெள்ளியும். கடையில வாங்கினா 100 டாலரையும் தாண்டிடும். ரிப்பனும் பசையும் வாங்கி வீட்டுலயே செய்யுங்க. பூ கட்டின கைக்கு இது ஒரு சாயங்கால வேலை. என் பொண்ணோடதை நானும் என் மாமியாரும் சேர்ந்து செஞ்சோம், ரிப்பன் சடையைப் பின்னினது மாமியார்தான்.

சாப்பாடு: ஃப்ரிட்டோ பைன்னு சோளச் சிப்ஸ் பாக்கெட்டை வெட்டி அதுக்குள்ளயே சில்லியை ஊத்தித் தருவாங்க. சில்லின்னா மிளகாய் இல்ல, பெரும்பாலும் மாட்டுக்கறி. சைவம்னா நாச்சோஸ், பாப்கார்ன், ஊறுகாய் வெள்ளரிக்காய். உள்ள விற்கிறது நம்மள மாதிரி அப்பா அம்மாக்கள்தான், அந்தக் காசு பிள்ளைங்களுக்கே போகும். ஒரு நாள் நீங்களும் கவுன்ட்டர்ல நிக்கப் பேர் கொடுங்க. பை எடுத்துட்டுப் போனா உள்ள இருக்கிறது தெரியற பிளாஸ்டிக் பையா இருக்கட்டும், பல ஸ்டேடியத்துல மத்ததை விட மாட்டாங்க.

ஃபிரிஸ்கோவுக்குப் புதுசு:

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. இதைப் படிச்சுக் காட்டினதும் பையன் "அடுத்த வருஷம் நானும் சேரட்டுமா"ங்கிறான். வீட்டுல அவளுக்குப் பயம். படிப்பு போயிடும், தலையில அடிபடும்னு.

ஆலன்வாசி:

ரெண்டு பயமும் நியாயம் தம்பி. படிப்புக்கு இங்க 1984-லேர்ந்து சட்டமே இருக்கு. "நோ பாஸ், நோ பிளே"ன்னு சொல்வாங்க. ஒரு பாடத்துல 70-க்குக் கீழ போனாலும் மூணு வாரம் போட்டியில இறங்க முடியாது. சில அட்வான்ஸ்டு பாடத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. இது பேண்டுக்கும் பொருந்தும். டீம்ல இருக்கணுமேன்னே கணக்குப் பாடம் படிச்ச பசங்களை எனக்குத் தெரியும்.

தலையடி விஷயத்துல நான் சமாதானம் சொல்ல மாட்டேன், ஆபத்து உண்டு. மூளையதிர்ச்சின்னு சந்தேகம் வந்தாலே உடனே வெளிய எடுக்கணும், டாக்டர் எழுத்துல சொல்லாம திரும்ப இறக்கக் கூடாதுன்னு இந்த மாநிலத்துல சட்டம். ஆனா பையனே மறைச்சா சட்டம் என்ன செய்யும்? தலை வலிச்சா வீட்டுல சொல்லணும்னு இப்பவே பேசி வைங்க. நான் உங்க இடத்துல இருந்தா முதல் வருஷம் ஸ்டூடன்ட் டிரெய்னரா அனுப்புவேன். தண்ணி கொடுக்கிறது, கட்டுப் போடறது. டீம் பஸ்லயே போவான், எல்லாத்தையும் கிட்ட இருந்து பார்ப்பான், அப்புறம் அவனே முடிவு பண்ணட்டும். சாக்கர் (நம்ம ஊர் கால்பந்து) நல்லா ஆடறவனா இருந்தா பந்தை உதைக்கிற கிக்கர் இடத்துக்கும் முயற்சி பண்ணலாம், மோதல் குறைவு.

அப்புறம், நல்ல டீமுக்காக வீடு மாத்தற யோசனை யாராவது கொடுத்தா கேட்காதீங்க. ஆட்டத்துக்காக ஸ்கூல் மாறினதுன்னு முடிவானா, குறைஞ்சது ஒரு வருஷம் வார்சிட்டி டீம்ல, அதாவது ஸ்கூலோட முதல் டீம்ல, ஆட முடியாது.

ஃபிரிஸ்கோவுக்குப் புதுசு:

நேத்து போயிட்டு வந்தோம். தெரியாம எதிர் டீம் பக்கம் போய் உட்கார்ந்துட்டோம். ஒரு தாத்தா நம்ம பையன் சட்டை நிறத்தைப் பார்த்துட்டு, எழுந்து எங்க கூடவே நடந்து வந்து சரியான பக்கம் விட்டார். ரெண்டாவது குவார்ட்டர்ல மின்னல். எல்லாரையும் உள்ள போகச் சொல்லிட்டாங்க, கடைசி இடியிலேர்ந்து 30 நிமிஷம் காத்திருக்கணுமாம். படிக்கட்டுக்குக் கீழ நெருக்கி நின்னப்போ பக்கத்துல இருந்த அம்மா சட்டையில ஒரு பேட்ஜ், 64-ன்னு நம்பரோட பையன் படம். "லைன்மேனா?"ன்னு கேட்டேன். அரை மணி நேரமும் அவன் பிறந்ததுலேர்ந்து கதை சொன்னாங்க. என் வீட்டுக்காரி போன்ல அவங்க நம்பர் ஏறிடுச்சு. 21-14, தோத்துட்டோம்.

அடுத்த வாரம் வெளியூர் ஆட்டம், டென்டன். டிக்கெட் போன்லயே வாங்கணுமா, வாசல்ல கிடைக்குமா?

ஆலன்வாசி:

போன்லயே வாங்கிடுங்க, வாசல்ல நிறைய இடத்துல பணம் வாங்க மாட்டாங்க. விசிட்டர் பக்கம்னு பார்த்து வாங்குங்க. உட்கார ஒரு போர்வை எடுத்துக்கோங்க, அலுமினியப் பெஞ்சு. 64-ஓட அம்மாவுக்கும் பக்கத்துல ஒரு இடம் பிடிச்சு வைங்க.