வெள்ளி ஸ்பூன் முத்திரை: 1787-ஆ, 1827-ஆ?

பழைய இங்கிலீஷ் வெள்ளி ஸ்பூன் சேர்க்கிறவங்க யாராவது இருந்தா கொஞ்சம் பாருங்க. லண்டன் போர்ட்டபெல்லோ ரோட்டுச் சந்தையில வாங்கின டேபிள் ஸ்பூன் இது. காம்புக்குப் பின்னால நடக்கிற சிங்கம் பளிச்சுன்னு இருக்கு, அதனால ஸ்டெர்லிங்தான் (92.5% வெள்ளி). வரி கட்டினதுக்கான ராஜா தலை, முத்திரை குத்தின வருஷத்தைக் காட்டுற ஆண்டெழுத்து சின்ன 'எம்' (m) ரெண்டும் தெரியுது.

சிக்கல் லண்டன்ல சோதிச்சதுங்கிறதுக்கு அடையாளமான சிறுத்தைத் தலையிலதான். லண்டன் முத்திரையில 1821 வரைக்கும் அதுக்குக் கிரீடம் உண்டு. சின்ன 'எம்' 1787லயும் வருது, கிரீடம் போனப்புறம் 1827லயும் வருது. இதுல தலைக்கு மேல மொத்தமா தேஞ்சு கிடக்கு. லென்ஸ் வெச்சுப் பார்த்தாலும் மழமழன்னுதான் இருக்கு.

எழுத்தைச் சுத்தியிருக்கிற கட்டத்தோட வடிவத்தை வெச்சு ஆண்டைப் பிரிக்க முடியுமா? ரெண்டுல எந்த வருஷத்து ஸ்பூன் வெச்சிருந்தாலும் முத்திரையைக் கிட்டத்துல படம் எடுத்துப் போடுங்க. பாலிஷ் போட்டுத் தேய்க்க மட்டும் சொல்லாதீங்க, இருக்கிறதும் போயிடும்.